டேப் வெறும் யூடியூப் பெட்டியாகவே கிடக்கிறது. வேறு எதற்கெல்லாம் உருப்படியாகப் பயன்படுத்தலாம்?

#1 நீலத்திரை

வணக்கம். 10.1 அங்குல டேப், 1920×1200 திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, ஆண்ட்ராய்டு 13. மெமரி கார்டு போடலாம், ஹெட்போன் துளை உண்டு, சார்ஜ் யுஎஸ்பி-சி. சிம் கிடையாது. யூடியூப் தவிர வேறு எதற்கும் கை போவதில்லை. நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

யூடியூபில் 1080பி பளிச்சென்று இருக்கிறது. அதே வைஃபையில், சந்தா கட்டிப் பார்க்கும் படச் செயலிகளில் மட்டும் முகமெல்லாம் மங்கல். ஏன்?

ஏ4 அளவு பிடிஎஃப் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

விண்டோஸ் லேப்டாப்புக்கு இரண்டாவது திரையாக வைக்க முடியுமா?

ஸ்டாண்டில் நிறுத்தி நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியே விட்டுவிடலாமா?

கூடவே ஆண்ட்ராய்டு 6 ஓடும் பழைய 7 அங்குல டேப் ஒன்றும் இருக்கிறது. பாதித் தளங்கள் அதில் திறப்பதே இல்லை. தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

#2 திரைவாசி

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. யூடியூபின் சாதாரணக் காணொளிகளுக்குப் பூட்டு கிடையாது. சந்தாச் செயலிகள் அனுப்பும் படத்துக்கு வைட்வைன் என்ற பூட்டு உண்டு. ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் எல்1, எல்3 என்ற இரண்டு நிலைகளில் வரும். எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் இருக்கும் தனிப் பாதுகாப்புப் பகுதியிலேயே நடக்கும். எல்3 என்றால் எல்லாம் வெறும் மென்பொருளில். எல்3 கருவிகளுக்குப் பெரிய செயலிகள் வழக்கமாக 480பி-க்கு மேல் அனுப்புவதில்லை. நெட் வேகம் எவ்வளவு இருந்தாலும் மாறாது.

உறுதிசெய்ய: ப்ளே ஸ்டோரில் 'டிஆர்எம் இன்ஃபோ' என்று தேடி நிறுவுங்கள். வைட்வைன் பகுதியில் 'செக்யூரிட்டி லெவல்' என்ற வரியைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் வைத்திருந்தால் அதன் ஆப் செட்டிங்ஸில் 'ப்ளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்திலும் வைட்வைன் நிலையும் அதிகபட்சத் தெளிவும் இருக்கும்.

எல்1 என்று வந்தும் மங்கலாக இருந்தால் வேறு காரணம். சில நிறுவனங்கள் தாங்கள் சோதித்து ஏற்ற கருவிகளுக்கு மட்டுமே எச்டி தருகின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் மாடல் இல்லாமல் இருக்கலாம்.

#3 நீலத்திரை

பார்த்தேன். எல்3 என்றுதான் காட்டுகிறது. மாற்ற வழி உண்டா?

#4 திரைவாசி

கிடையாது. எல்1-க்கான சாவி தொழிற்சாலையிலேயே கருவிக்குள் வைக்கப்படுவது. எந்தச் செயலியாலும் அதைப் பிறகு போட முடியாது. 'எல்3-யை எல்1 ஆக்கலாம்' என்று சொல்லும் ரூட் வழிமுறைகளின் பக்கம் போகாதீர்கள். பூட்லோடரை, அதாவது டேப்பைத் துவக்கும் மென்பொருளின் பூட்டை, திறந்தால் எல்1 இருந்த டேப்பே எல்3-க்கு இறங்கிவிடுவதுண்டு. அடுத்த டேப் வாங்கும்போது ரேமுக்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு உங்கள் டேப்புக்குப் பொருத்தமானது பூட்டில்லாத சொந்தக் கோப்புகள்: குடும்பக் காணொளிகள், பாட வகுப்புப் பதிவுகள், உரிமையோடு இறக்கிய படங்கள். கணக்கு எளிது. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிவான 1080பி படம் மணிக்கு 2.25 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி மெமரி கார்டில் சுமார் 28 மணி நேரம் அடங்கும்.

பெரிய கோப்புகளைக் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைக் கொண்டு சுருக்கலாம். 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற ப்ரீசெட்டை எடுத்து, ஆர்எஃப் எண்ணை 22-இல் விட்டால் 10 அங்குலத் திரைக்குப் போதும். எண் கூடினால் கோப்பு சிறுத்துத் தெளிவும் குறையும். 26-ஐத் தாண்டினால் இருட்டுக் காட்சிகளில் கட்டம்கட்டமாகத் தெரியத் தொடங்கும்.

டேப்பில் விஎல்சி போடுங்கள். ஒலி சீராக ஓடி, படம் மட்டும் தட்டுத்தடுமாறினால் சிப்பால் அந்த வடிவத்தை நேரடியாக விரிக்க முடியவில்லை என்று பொருள். விலை குறைந்த சிப்புகள் பலவற்றுக்கு ஏவி1 என்ற காணொளி வடிவம் தெரியாது. 10 பிட் எச்.264 கோப்புகளை விரிக்கும் வன்பொருள் மொபைல் சிப்புகளில் அநேகமாக எதிலுமே இல்லை. அப்படிப்பட்ட கோப்பு மென்பொருளில் ஓடும், டேப் சுடும், பேட்டரி வேகமாக இறங்கும். அதை மட்டும் 8 பிட் எச்.264-ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

வசன வரிகளுக்கு ஒரு குறிப்பு. எஸ்ஆர்டி கோப்பின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றாக, ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து கட்டம்கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால், அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 முறையில் மறுபடி சேமியுங்கள்.

#5 கோப்புக்காரன்

திரைவாசியோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. எல்லாப் படத்தையும் சுருக்கி கார்டில் ஏற்றுவது தேவையில்லாத உழைப்பு. வீட்டில் பார்ப்பதற்குக் கணினியில் உள்ள ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு, விஎல்சியில் 'லோக்கல் நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் போதும். மாற்றவும் வேண்டாம், நகலெடுக்கவும் வேண்டாம். பெயர், படம், விட்ட இடம் எல்லாம் ஒழுங்காக வேண்டுமென்றால் கணினியில் ஜெல்லிஃபின் நிறுவுங்கள். இலவசம், திறமூலம். டேப்பால் விரிக்க முடியாத வடிவத்தைப் போகிற போக்கில் மாற்றியும் அனுப்பும்.

இங்கே பலர் முட்டிக்கொள்ளும் இடம்: பழைய ஃபைல் மேனேஜர் செயலிகள் நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். விண்டோஸ் 10 தன் 2017-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அதை நிறுவுவதில்லை. காரணம் பாதுகாப்பு. அதனால் 'கணினி தெரியவில்லை' என்று வரும். கணினியில் அந்தப் பழைய பதிப்பைத் திரும்ப இயக்காதீர்கள். செயலியை மாற்றுங்கள்.

வெளியே எடுத்துப்போக மெமரி கார்டுதான், அதில் மறுப்பில்லை. கார்டு போட்டவுடன் ஆண்ட்ராய்டு கேட்டால் 'போர்ட்டபிள் ஸ்டோரேஜ்' என்றே தேர்ந்தெடுங்கள். உள் சேமிப்போடு சேர்த்துவிட்டால் கார்டு அந்த டேப்புக்காகவே பூட்டப்படும். வேறு எங்கும் படிக்க முடியாது. டேப் பழுதானால் கார்டில் இருப்பதும் போயிற்று.

4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறவில்லை என்றால் கார்டு ஃபேட்32 வடிவில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கிய கார்டை நம்புவதற்கு முன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலிக் கார்டு 256 ஜிபி என்று காட்டும். உண்மையில் இருக்கும் இடம் நிரம்பியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். நிரப்பும் வரை தெரியாது, தெரியும்போது படங்கள் போயிருக்கும்.

#6 திரைவாசி

வீட்டுக்குள் ஜெல்லிஃபின் நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லேப்டாப் மூடியதும் படம் நிற்கும். பகலில் லேப்டாப்பை வெளியே எடுத்துப்போகிறவர்களுக்குக் கார்டே தோது.

#7 ஏட்டுப்பூச்சி

பிடிஎஃப் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். டேப்பின் மிகச் சிறந்த பயன் வாசிப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவு. 10.1 அங்குல, 16:10 திரையை நெடுக்காகப் பிடித்தால் அகலம் 13.6 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதாவது பக்கம் 65 சதவீதமாகச் சுருங்குகிறது. 12 புள்ளி எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போய்விடுகிறது. கண் வலிப்பது இயல்பு.

இரண்டு வழி. ஒன்று, ஓரத்தை வெட்டுவது. ஏ4 பக்கத்தில் இரு பக்கமும் 2 செ.மீ. வெள்ளை ஓரம் இருந்தால் எழுத்துப் பகுதி 17 செ.மீ. தான். அதை மட்டும் திரைக்குப் பொருத்தினால் 80 சதவீதம் கிடைக்கும், எழுத்து ஏறக்குறைய 9.6 புள்ளி. கேஓரீடர், லிப்ரேரா என்ற வாசிப்புச் செயலிகள் இரண்டிலும் ஓரம் வெட்டும் வசதி உண்டு. ஸ்கேன் செய்த பக்கங்கள் கோணலாக இருந்தால் தானாக வெட்டுவது தவறும். அப்போது ஒரு பக்கத்தில் கையால் எல்லையைக் குறித்து, அதையே எல்லாப் பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பக்கங்களில் ஓரம் மாறும் என்பதால் எல்லையைச் சற்றுத் தாராளமாக விடுங்கள்.

இரண்டு, டேப்பைப் படுக்கை வசமாகத் திருப்பி 'அகலத்துக்குப் பொருத்து' என்று வைப்பது. இப்போது திரையின் அகலம் 21.7 செ.மீ. ஏ4 தாள் முழு அளவிலேயே தெரியும். ஒரு பக்கத்தை மூன்று தடவையாக நகர்த்திப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். இடம் வலம் இழுக்க வேண்டியதே இல்லை. இரண்டு பத்தி கொண்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்குக் கணினியில் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற கருவி பத்திகளைப் பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கித் தரும்.

நிறையப் பிடிஎஃப் படிப்பவர்கள் அடுத்த டேப் வாங்கும்போது திரையின் விகிதத்தைப் பாருங்கள். 4:3 திரை தாளின் வடிவத்துக்கு நெருக்கமானது. 12.9 அங்குல 4:3 திரையில் ஏ4 பக்கம் 88 சதவீத அளவில் முழுசாகத் தெரியும். மறுபக்கம், அதே 4:3 திரையில் 16:9 படம் பார்த்தால் கால்வாசித் திரை மேலும் கீழும் கறுப்பாகப் போகும். 1920×1200 திரையில் அந்தப் பட்டை ஆளுக்கு 60 புள்ளி வரிதான். எது முக்கியம் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

நாவல், கதை, கட்டுரை என்றால் பிடிஎஃப் தேடாதீர்கள், ஈபப் தேடுங்கள். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், வரி தானே மடங்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் பலவும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்பு ஏதாவது புரியாத குறிகளாகத் திறந்தால் அது டிஸ்கி குறியேற்றத்தில் இருக்கும். கணினியில் என்எச்எம் கன்வர்ட்டர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, காலிபர் என்ற மின்நூல் மென்பொருளில் போட்டு ஈபப் ஆக்கிக்கொள்ளலாம்.

#8 நீலத்திரை

படுக்கை வசம் திருப்பிப் பார்த்தேன். முழு அளவில் தெளிவாக இருக்கிறது, மிக்க நன்றி. இதைச் சத்தமாகப் படிக்கவைக்க முடியுமா?

#9 ஏட்டுப்பூச்சி

முடியும், ஆனால் கோப்பைப் பொறுத்தது. முதலில் செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடி, கூகுளின் பேச்சு எஞ்சினைத் தேர்ந்து, அதன் பற்சக்கரக் குறியைத் தட்டித் தமிழ்க் குரலை இறக்குங்கள். இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் படிக்கும். பிறகு லிப்ரேராவில் நூலைத் திறந்து வாசிப்புப் பொத்தானை அழுத்தினால் போதும்.

படிக்காமல் உளறினால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிடிஎஃப்பில் ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, குறிப்புச் செயலியில் ஒட்டுங்கள். தமிழ் அப்படியே வந்தால் கோப்பு யூனிகோடு, சிக்கல் இல்லை. ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு. அதையும் நான் சொன்ன கன்வர்ட்டர் மூலமே யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். வரியைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, 'கூகுள் டாக்ஸில் திற' என்று கொடுத்தால் எழுத்தாக்கித் தரும். படத்தை எழுத்தாக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளும் தமிழ் அறியும். ஒகர ஓகாரம், ரகரம் காலெழுத்து ஆகிய இடங்களில் பிழை வரும், கேட்பதற்கு அது பெரிய தடையில்லை.

#10 மின்தச்சன்

சார்ஜர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நேராகச் சொல்கிறேன்: நாள் முழுக்கச் செருகியே வைக்காதீர்கள்.

லித்தியம் அயான் பேட்டரியை மூப்படையச் செய்பவை இரண்டு. முழுச் சார்ஜில் நிற்பது, சூடு. எப்போதும் 100 சதவீதத்தில், கவர் போட்டபடி, திரை எரிந்துகொண்டிருக்கும் டேப்புக்கு இரண்டுமே சேர்ந்து கிடைக்கின்றன. மாதங்கள் போகப்போக உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி உப்பும். அறிகுறி: திரையின் ஓரம் சட்டத்திலிருந்து மெல்லத் தூக்கும், மேசையில் வைத்தால் பின்பக்கம் ஆடும், ஒரு பகுதியில் நிறம் மாறித் தெரியும். அப்படிக் கண்டால் உடனே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். பழுது பார்ப்பவரிடமோ மின்கழிவு வாங்குமிடத்திலோ கொடுங்கள்.

சரியான வழி: செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியில் 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். சாம்சங் டேப்கள் பலவற்றில் உண்டு. புதிய ஐபேட் மாடல்கள் சிலவற்றிலும் 80 சதவீத வரம்பு உண்டு. இருந்தால் அதை இயக்கிவிட்டுத் தாராளமாகச் செருகி வைக்கலாம்.

இல்லையென்றால் டைமர் பிளக். 7000 எம்ஏஎச் பேட்டரி என்பது ஏறக்குறைய 27 வாட்-மணி. 10 வாட் சார்ஜர், நடுவில் ஆகும் இழப்பையும் சேர்த்தால், காலியிலிருந்து நிரப்ப மூன்று மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். திரை எரிந்தால் 3 முதல் 5 வாட் செலவாகும். ஆக, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்து, இரண்டு நாள் சதவீதத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

இன்னொன்று. டிவியின் பின்னால் உள்ள யுஎஸ்பி துளையில் செருகினால் 'சார்ஜ் ஆகிறது' என்று காட்டிக்கொண்டே சதவீதம் இறங்கும். யுஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். திரையே அதைவிட அதிகம் தின்கிறது.

#11 கோப்புக்காரன்

டைமரைவிட ஸ்மார்ட் பிளக் மேல் இல்லையா? மேக்ரோட்ராய்டு என்ற தானியக்கச் செயலியில் 'பேட்டரி 40-க்குக் கீழ் போனால் பிளக்கை இயக்கு, 80 ஆனால் அணை' என்று ஒருமுறை எழுதிவிட்டால் மறந்துவிடலாமே.

#12 மின்தச்சன்

வேலை செய்யும் வரை நன்றாக வேலை செய்யும். வைஃபை அறுந்தாலோ, மேக்ரோட்ராய்டை ஆண்ட்ராய்டு பின்னணியில் நிறுத்திவிட்டாலோ இரண்டில் ஒன்று நடக்கும்: டேப் செத்துக் கிடக்கும், அல்லது 100-இலேயே நிற்கும். அந்த வழியில் போவதானால் செயலியைப் பேட்டரிச் சிக்கனப் பட்டியலிலிருந்து கட்டாயம் விலக்குங்கள். எளிய டைமருக்கு இந்தத் தலைவலி இல்லை.

#13 இரட்டைத்திரை

லேப்டாப்புக்கு இரண்டாம் திரை. விண்டோஸுக்கு ஸ்பேஸ்டெஸ்க் போதும். லேப்டாப்பில் அதன் டிரைவர், டேப்பில் அதன் வியூவர் செயலி. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். டேப்பில் செயலியைத் திறந்தால் லேப்டாப்பின் பெயர் வரும், தட்டினால் இணையும். பிறகு விண்டோஸ் கீயோடு பி எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பெயரே வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். வைஃபையை 'பிரைவேட் நெட்வொர்க்' என்று மாற்றுங்கள்.

இதில் படம் பார்க்க நினைக்காதீர்கள். மின்னஞ்சல், சாட், திறந்துவைத்த ஆவணம், பாட்டுப் பட்டியல் போன்ற அசையாத விஷயங்களுக்கு இது பொன்னான இடம்.

'யுஎஸ்பி-சி இருக்கிறதே, எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கி டிவியில் போடலாம்' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். துளையின் வடிவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டேப்பின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி என்று எழுதியிருந்தால்தான் படம் வெளியே போகும். யுஎஸ்பி 2.0 என்று மட்டும் இருந்தால் அந்தச் சாதாரண அடாப்டர் வெறும் பொம்மை. டிவிக்குக் கம்பியில்லாமல் அனுப்ப க்ரோம்காஸ்ட் அல்லது மிராகாஸ்ட். இரண்டும் வேறுவேறு. உங்கள் டேப்பும் டிவியும் ஒரே மொழி பேசுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைகீழாகவும் செய்யலாம், பலருக்கு இது தெரிவதில்லை. எச்டிஎம்ஐ படத்தை உள்வாங்கும் யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக் ஒன்றை ஓடிஜி அடாப்டர் வழியாக டேப்பில் செருகி, வெளிக் கேமரா காட்டும் செயலி ஒன்றைத் திறந்தால், கேமராவுக்கோ கேம் கன்சோலுக்கோ மானிட்டர் இல்லாத சிறு கணினிக்கோ டேப்பே திரையாகிவிடும். சிறிதளவு தாமதம் இருக்கும். யுஎஸ்பி-சி கொண்ட ஐபேடுகளில் 2023-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 17 முதல் இது முடியும்.

#14 பொத்தான்

விளையாட்டுப் பக்கம் யாரும் வரவில்லை.

தொடுதிரையில் விரல் பாதித் திரையை மறைக்கும். ப்ளூடூத் கேம்பேட் ஒன்று சேர்த்தால் டேப்பின் குணமே மாறிவிடும். பிளேஸ்டேஷன் 4 பேட் என்றால் ஷேர் பொத்தானையும் நடுவில் உள்ள பிஎஸ் பொத்தானையும் விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை சேர்த்துப் பிடியுங்கள். எக்ஸ்பாக்ஸ் பேடில் மேலே உள்ள இணைப்புப் பொத்தானை மூன்று நொடி. ஆரம்பகால எக்ஸ்பாக்ஸ் ஒன் பேடுகளுக்கு ப்ளூடூத் கிடையாது. நடுப் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முன்முகத்தோடு ஒரே துண்டாக இல்லாமல் மேல் பம்பர் பொத்தான்களோடு சேர்ந்த துண்டாக இருந்தால் அது பழைய வகை.

கணினியில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அங்கே சன்ஷைன், டேப்பில் மூன்லைட். விளையாட்டு கணினியில் ஓடும், படம் டேப்பில் வரும். கணினியை ரௌட்டரோடு கேபிளால் இணையுங்கள், டேப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும். 1080பி, 60 ஃபிரேமுக்கு 20 மெகாபிட் போதும். 2.4-இல் வைத்தால் நிச்சயம் திக்கும். ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. பேடும் வைஃபையும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

ஒலிக்கு ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். படத்தில் செயலியே தாமதத்தைச் சரிக்கட்டிவிடும், விளையாட்டில் அது முடியாது. சுட்ட பிறகுதான் சத்தம் வரும். உங்களுக்கு ஹெட்போன் துளை இருக்கிறதே, கம்பி ஹெட்செட் போடுங்கள்.

பேட் எதுவும் வேண்டாம் என்றால் லீசெஸ். விளம்பரம் இல்லாத இலவசச் சதுரங்கம். 'ஓவர் தி போர்டு' முறையில் டேப்பை மேசையில் படுக்கவைத்து இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம், நெட் தேவையில்லை. 10 அங்குலம் பலகைக்கு நல்ல அளவு.

#15 கோடுகள்

இடையில் ஒரு கேள்வி. பேனா வாங்கி இதில் குறிப்பெடுக்கலாமா?

#16 ஏட்டுப்பூச்சி

டேப்பின் விவரத்தில் எந்தப் பேனாவுக்கு ஆதரவு என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் திரையில் பெரும்பாலும் வேலை செய்யாது. 'எல்லா டேப்புக்கும் பொருந்தும்' என்று விற்கும் பேனா விரலைப் போல் நடிப்பது. அழுத்தத்தை உணராது, உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். அடிக்கோடிட, கையெழுத்திட அது போதும். பக்கம்பக்கமாக எழுத ஆகாது. அதற்கு ப்ளூடூத் கீபோர்டு நல்லது.

#17 கோப்புக்காரன்

பழைய ஆண்ட்ராய்டு 6 டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

தளங்கள் திறக்காததற்கு முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கியபின் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும், அது ஒன்றே எல்லாத் தளத்தையும் முடக்கும். தேதி சரி என்றால், தளம் உண்மையானதுதான் என்று உறுதிசெய்யும் சான்றிதழில் சிக்கல். லட்சக்கணக்கான தளங்கள் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கருவிகளில் இல்லை. முட்டுக்கொடுத்துவந்த பழைய ஏற்பாடும் 2024-இல் முடிந்துவிட்டது.

சரிசெய்ய: கணினியில் லெட்ஸ் என்க்ரிப்ட் தளத்திலிருந்தே அந்த மூலச் சான்றிதழை இறக்கி, கேபிள் வழியாக டேப்பில் போடுங்கள். செட்டிங்ஸ், செக்யூரிட்டி, 'இன்ஸ்டால் ஃப்ரம் ஸ்டோரேஜ்'. திரைப்பூட்டு எண் வைக்கச் சொல்லும், வைக்காமல் நிறுவ விடாது. ஆண்ட்ராய்டு 6-இல் இப்படி நாமே சேர்த்த சான்றிதழைச் செயலிகளும் பொதுவாக ஏற்கும். 7 முதல் செயலிகள் தாமாக ஏற்பதில்லை. வேறு எந்தத் தளம் தரும் சான்றிதழையும் இப்படி நிறுவாதீர்கள், அது வீட்டுச் சாவியை அந்நியரிடம் கொடுப்பது போல.

ப்ளே ஸ்டோர் 'பொருந்தாது' என்று சொன்னால் எஃப்-ட்ராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் பாருங்கள். ஒவ்வொரு செயலிக்கும் பழைய பதிப்புகளும் சில அங்கே இருக்கும். இந்த டேப்பில் வங்கிச் செயலியும் முதன்மை மின்னஞ்சலும் கூடவே கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

அதற்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். கேஓரீடர் மட்டும் போட்டு வாசிப்புக் கருவி. அல்லது 3.5 மி.மீ. கம்பியால் ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டுப்பெட்டி. அல்லது ஐபி வெப்கேம் போட்டுக் கதவருகே கேமரா. அல்லது ஃபோட்டூ போட்டுப் படச் சட்டம். இரண்டு வேலை கொடுத்தால் ரேம் திணறும். படச் சட்டமாக வைத்தால் மின்தச்சன் சொன்ன டைமர் கட்டாயம். பழைய பேட்டரி இன்னும் சீக்கிரம் உப்பும்.

#18 நீலத்திரை

தேதி சரியாகத்தான் இருந்தது. சான்றிதழ் நிறுவியதும் தளங்கள் திறக்கின்றன. 7 அங்குலத்தைக் கேஓரீடருக்கே ஒதுக்கிவிட்டேன். பெரிய டேப்பில் ஸ்பேஸ்டெஸ்க் இணைந்துவிட்டது, ஆனால் மவுஸ் நகர்த்தினால் அம்பு அரை நொடி பின்னால் வருகிறது. ரௌட்டர் பக்கத்து அறையில், 2.4 மட்டும்தான் இருக்கிறது.

#19 இரட்டைத்திரை

அப்படியானால் வைஃபையை விட்டுவிடுங்கள். லேப்டாப்பையும் டேப்பையும் டேட்டா போகும் கேபிளால் இணைத்து, டேப்பின் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள். சிம் இல்லாத டேப்கள் பலவற்றிலும் அந்த வசதி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி நெட்வொர்க் உருவாகும், ஸ்பேஸ்டெஸ்க் அதன் மேல் ஓடும். இயக்கியதும் விண்டோஸ் புதிய நெட்வொர்க் என்று கேட்கும், அதையும் 'பிரைவேட்' ஆக்குங்கள். டெதரிங் தெரியவே இல்லையென்றால் சார்ஜ் மட்டும் கடத்தும் கேபிளைச் செருகியிருக்கலாம்.

இன்னும் தாமதம் இருந்தால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தத் திரையை 1280×800 ஆக்குங்கள். அனுப்ப வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறையும்.

#20 நீலத்திரை

கேபிள் வழியில் அம்பு உடனே வருகிறது. 1920×1200-இலேயே வைத்திருக்கிறேன். ஆனால் லேப்டாப் வழியாகச் சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கிறதே, மின்தச்சன்?

#21 மின்தச்சன்

வேலை நேரம் மட்டும்தானே, கவலை வேண்டாம். லேப்டாப் துளை தருவது குறைவு, திரை எரிவதில் பெரும்பகுதி போய்விடும். வெளிச்சத்தைப் பாதிக்கு வைத்து, கவரைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்குங்கள்.